புளி மசோதா

எங்கள் தொகுதி உறுப்பினர் ஒரு மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று தெரியாவிட்டால் அந்தக் காலத்தில் எனக்குச் சோறு இறங்காது. சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் என் வயசுப் பெண்கள் சீட்டுப் பிடித்தார்கள், ஒயர் கூடை பின்னினார்கள். நான் சட்டசபையில் இந்த வாரம் என்ன வருகிறது, அதில் எங்கள் ஆள் என்ன செய்தார் என்று துருவிக்கொண்டு அலைந்தேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

இந்தக் கிறுக்கு ஒரு டைப்ரைட்டரில் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். புது மெஷின் என்று சொல்லி, பெயிண்ட் அடித்த ஓட்டை மெஷின் ஒன்றை ஒருத்தன் என் தலையில் கட்டிவிட்டான். யாரிடம் போய் நியாயம் கேட்பது? போன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். "இதுக்கெல்லாமா கேஸு? அடுத்த தடவ பாத்து வாங்கும்மா" என்றார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. அப்போதுதான் பேப்பர் ஏஜென்ட் ஒருவர், அவரும் என்னைப்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், என்னை நுகர்வோர் மன்றத்தில் சேர்த்தார். மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலைந்து பேர், ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். அந்தப் பலகையும் என் இன்ஸ்டிடியூட்டுடையது.

ரேஷன் கடை எடை, போலி உரம், சீட்டுக் கம்பெனி என்று வாங்குகிறவனையும் விற்கிறவனையும் தொடும் மசோதா எது வந்தாலும் அதைப் பலகையில் எழுதுவோம். பக்கத்தில் எங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று எழுதுவோம். எழுதுவோம் என்று கிளம்பினோமே தவிர, அது எவ்வளவு பெரிய தலைவலி என்று மெட்ராசுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சபையை வேடிக்கை பார்க்கப் பாஸ் வேண்டும், பாஸுக்கு உறுப்பினர் ஒருவரே கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆளிடமே போய் வாங்கினேன், அவரை வேவு பார்க்க. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே போட்டார். மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஏற்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றார் சபாநாயகர். ஓவென்று ஒரு சத்தம். மறுப்பவர்கள் இல்லை என்று சொல்லுங்கள் என்றார். இன்னொரு சத்தம், கொஞ்சம் சின்னது. நிறைவேறியது என்றார். முடிந்தது. யார் சொன்னார், யார் சொல்லவில்லை, ஒன்றும் கிடையாது. எங்கள் ஆள் வாயைத் திறந்தாரா, கொட்டாவி விட்டாரா என்றுகூட அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை. அடப்பாவிகளா, இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று இருந்தது.

வேறு வழியில்லாமல் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் வழிமறித்து நேராகக் கேட்பது. "அந்த உர மசோதாவுக்கு நீங்க ஆம் சொன்னீங்களா, இல்ல சொன்னீங்களா?" முதலில் சிரித்தார். பிறகு யோசித்துச் சொன்னார். பிறகு என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போக ஆரம்பித்தார். போக விடுவேனா? கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிற இடத்தில் வைத்துக்கூடக் கேட்டிருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மசோதா வந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், தேன் எதுவானாலும் இனி தனியார் மண்டியில் எடை போடக் கூடாது, அரசாங்க விற்பனைக் கூடத்தில், திறந்த வெளியில், முத்திரை போட்ட தராசில்தான் போட வேண்டும். எடை போடுகிறவருக்கும் உரிமம் வேண்டும். எங்கள் பக்கம் புளிதான் பெரிய சரக்கு என்பதால் ஊரில் அதற்குப் புளி மசோதா என்றே பெயர் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு புளி மண்டியில் எடை போடுகிறவர்.

இதைச் சொன்னால் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் தராசு பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒன்று என்று எண்ண மாட்டார், "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார், நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடுகிற அதே குரல். ஆனால் தராசு முள் நிற்பதற்குள் சத்தமாக எண்ணிவிட்டு மூட்டையைத் தள்ளிவிட வேண்டும். கருணாபுரத்திலிருந்து வருகிற மூட்டை தூக்கும் ஆட்கள் அதற்கேற்ற வேகத்தில் அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் மண்டி வேலை. முள் நிற்கும்வரை காத்திருப்பவனை எந்த மண்டியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"மலைக்காரங்க மட்டும் யோக்கியமா? கொட்டைய கலந்து, உப்புத் தண்ணி தெளிச்சி எடுத்தாராங்க. அவங்க ஜாஸ்தி ஏத்தறாங்க, நாங்க கம்மி பண்றோம். சரியாப் போச்சி."

"அப்ப ரெண்டு பேரும் திருந்தறதுக்குத்தான் சட்டம் வருது."

"வரட்டும். வந்தா நான் எங்க போயி நிக்கறது? அதையும் உன் போர்டுலயே எழுது."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

மண்டிக்காரர் அவரைக் கூப்பிட்டு, "உங்க வூட்டம்மா நல்லா எழுதறாங்கப்பா, கையெழுத்து முத்து முத்தா கீது" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டு வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குப் படிப்பு கிடையாது, வேறு வேலையும் தெரியாது. உரிமம் கொடுப்பதற்குப் பரீட்சை வைப்பார்கள் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு மலைக்கார அக்கா புளியோடு வந்து இறங்கினாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், வெற்றிலை போட்ட வாய், யாரென்றும் பார்க்காமல் பேசும் நாக்கு. ஊர்ப் புளி முழுவதையும் இவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். மண்டித் தராசில் தங்கள் மூட்டை மெலிந்து போவது அவர்களுக்குத் தெரியும், எவ்வளவு மெலிகிறது என்பதுதான் தெரியாது. இந்த வருஷம் நான் பார்த்து விற்றுத் தருகிறேன் என்று ஊர் நடுவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பலகையைப் பற்றி யார் மூலமோ கேள்விப்பட்டு நேராக இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தாள்.

"டீச்சரு, இந்தச் சட்டம் வருமா வராதா? அத மட்டும் சொல்லு. வரும்னா மூட்டைய கவர்மெண்டு குடோன்ல போட்டுட்டு, எத்தினி மாசம் ஆனாலும் நிக்கறேன். வராதுன்னா இப்பவே மண்டியில தள்ளிட்டு ஊரு போயி சேர்றேன்."

"இந்த வாரம் சபைக்கு வருதுக்கா. ஓட்டு ஆனதும் தெரிஞ்சிடும்."

"அதுவரைக்கும் உன் பின்கட்டுல கெடக்கட்டும்" என்று கேட்காமலேயே மூட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டாள். டைப் அடிக்க வருகிற பிள்ளைகள் அந்த வாரம் முழுக்கப் புளி வாசத்தில் எச்சில் ஊறிக்கொண்டே பாடம் அடித்தார்கள். என் வீட்டுக்காரரை அங்கே பார்த்ததும் அவள் விடவில்லை. "நீதான அந்த லாபக்காரரு? உன் குரலு நல்லா கீதுய்யா. குரலக் கேட்டுக்கினே மூட்டைய வுட்டுட்டு வந்துர்றோம்." அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் பார்த்தா ரோடு மறியல் வர வேண்டும்! இடஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டமே ரோட்டுக்கு வந்துவிட்டது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் சொன்னார்கள். துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வரவர ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, சீட் இல்லை என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. மற்ற சாதித் தெருக்காரர்களுக்குப் பயமும் இருந்தது. எலவனாசூர்கோட்டையில் என் அம்மா வீட்டில் என்ன நிலைமை என்று தெரியவில்லை. பஸ் இல்லை. தபால் இல்லை. பேப்பர் கட்டு வரவில்லை. ஏஜென்ட் விடிந்ததும் பழக்க தோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வெறும் கையோடு நின்றுவிட்டுப் போவார். என் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் வரவில்லை. நான் ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குப் போய் உட்கார்ந்து எழுந்து, வாசலுக்குப் போய், திரும்பி வந்து, எதையாவது தட்டிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் குந்துறியா? உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா. அவளும் மலைக்குத் திரும்ப வழியில்லாமல் பின்கட்டிலேயே மூட்டைகளுக்குக் காவலாகத் தங்கிவிட்டாள்.

அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. பின்கட்டு ஓடு ஒழுகியது. மூட்டைகளை இழுத்து இழுத்து ஒழுகாத மூலைக்குத் தள்ளினோம். ஈரம் ஏறினால் புளி கறுத்துவிடும், கறுத்தால் யாரும் சீந்த மாட்டார்கள். அவள் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊரில் என்ன சொல்வேன், ஊரில் என்ன சொல்வேன் என்று அதையே முனகிக்கொண்டிருந்தாள். ஓட்டெடுப்பு நாள் வந்தது. சாயங்காலம் ரேடியோவில் சபைச் செய்தி சொல்வார்கள். ஆனால் அதில் எங்கள் தொகுதி உறுப்பினர் எப்படிப் போட்டார் என்று எங்கே சொல்லப்போகிறார்கள்? மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டு, அவர் தங்கும் விடுதியிலேயே அவரைப் பிடித்துவிடுவது என்று டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீங்க ரேடியோ பக்கத்துலயே இருங்க. நம்ம ஆளு இன்னா பண்ணாருன்னு எதனா சொல்றானா கேளுங்க. எழுந்து போயிடாதீங்க."

"சரி, போ."

லைன் கிடைக்கவேயில்லை. கூட்டம் நெருக்கியது. ஆளாளுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நான் ஒரு மசோதாவைத் தேடிக்கொண்டிருந்தேன். காத்திருந்து காத்திருந்து நனைந்துகொண்டே வீடு திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"இன்னா சொன்னான்?"

"வெளிநடப்பு பண்ணிட்டாங்களாம். இந்தத் துப்பாக்கிச் சூட்டப் பத்திப் பேச வுடலன்னு. நம்ம ஆளும் சேந்துதான் வெளிய வந்துட்டாரு, பேரு சொன்னான்."

"மசோதா?"

"அமளியாம் சபையில" என்று சொல்லிவிட்டு அவர் ரேடியோவுக்குத் துணி போர்த்தினார்.

டீக்கடையிலும் அதே செய்திதான். வெளிநடப்பு என்று ரேடியோ சொன்னதுமே அங்கே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்து கைதட்டிக் கூச்சல் போட்டுவிட்டதால் அதற்குப் பிறகு என்ன சொன்னான் என்று ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் காலை பலகையில் எழுதினேன்: புளி மசோதா, உறுப்பினர் வெளிநடப்பு, முடிவு தெரியவில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அந்தப் பலகையை அவ்வளவு பேர் படித்தது அன்றைக்குத்தான். மறியலில் இருந்த இளைஞர்கள் எங்க ஆளு எழுந்து வந்துட்டாருடா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். புளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் கேட்டாள்.

"இன்னா எழுதிக்கீறே?"

"நம்ம ஆளு சபைய வுட்டு எழுந்து வெளிய போயிட்டாருக்கா."

"எழுந்தே போயிட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மழையைப் பார்த்தாள். பிறகு ஒரு முடிவோடு முந்தானையை இழுத்துச் செருகினாள். நான் தாலுகா ஆபீசில் யாருக்காவது தகவல் தெரியுமா என்று விசாரிக்கப் போய்விட்டுத் திரும்பினால் பின்கட்டு காலி. ஈரத்தரையில் கோணிச் சுவடுதான் இருந்தது. மண்டிக்குக் கொண்டுபோய்விட்டாள். நனைகிற சரக்கை வைத்துக்கொண்டு அவளால் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எடை போட்டது என் வீட்டுக்காரர்தான். "லாபம்" என்று அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம்.

ரோடு திறந்தது. அவள் மலைக்குப் போனாள். பேப்பர் கட்டுகள் மொத்தமாக வந்து விழுந்தன. ஏஜென்ட் ஒரு பேப்பரை விரித்துப் பிடித்தபடியே ஓடிவந்தார்.

"பாத்தியா இத! அவங்க வெளிய போன ஒடனே, வெறும் சபையில, ஒரு நிமிஷத்துல மசோதா எல்லாத்தயும் பாஸ் பண்ணிட்டானுங்க. நம்முளுதும் பாஸு! குரல் ஓட்டு. எதுத்துக் குரல் குடுக்க ஒரு ஆளு இல்ல. அன்னிக்கி ரேடியோ கடைசியிலயும் சொன்னானாம், விழுப்புரத்துல எங்க பேப்பர் ஏஜென்ட் ஒருத்தன் கேட்டிருக்கான்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ரேடியோ கடைசியில் சொன்னான் என்பது மட்டும்தான் ஏறியது. டீக்கடையில் கூச்சல், சரி. என் வீட்டில் என்ன கூச்சல்? ஒரு ஆள், ஒரு ரேடியோ. நேராக வீட்டுக்குப் போனேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மசோதா பாஸ் ஆயிடிச்சின்னு அன்னிக்கி ரேடியோல சொன்னானா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அதுதான் என்னை இன்னும் கொன்றது.

"சொன்னான்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நம்ம ஆளு இன்னா பண்ணாருன்னு கேக்கச் சொன்னே. அதக் கேட்டு சொன்னேன்."

"மசோதான்னு வாயத் தொறந்து கேட்டேனே!"

"என் வேல போயிடிச்சின்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? காலையில யாரனா சொல்லி எப்படியும் தெரிஞ்சிக்கப்போறே, ஒரு ராத்திரி நிம்மதியா இருக்கலாம்னு வுட்டேன். அந்தம்மா காலையிலயே மூட்டைய எறக்குவான்னு எனக்கு இன்னாடி தெரியும்?"

"எறக்கும்போது தெரிஞ்சிது இல்ல? தராசு புடிச்ச கையி உன்துதான? அப்ப சொல்றதுக்கு இன்னா?"

அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை. அவர் அப்பன் பாட்டன் வரை இழுத்தேன், அவர் பாடுகிற பாட்டைக்கூட விடவில்லை. தட்டில் சோறு அப்படியே இருக்க, சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போனார். நைனார்பாளையத்தில் அவர் அக்கா வீடு. அங்கேதான் போயிருப்பார் என்று தெரியும். போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போய் ஒழியட்டும் என்று கதவைச் சாத்தினேன். சாத்தின பிறகு அழுதேன்.

மறுநாள் மலை பஸ் ஏறினேன். கச்சிராயப்பாளையம் தாண்டி வழியெல்லாம் வெட்டிய மரங்களின் அடிக்கட்டை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ் திரும்புகிற ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மாதிரி யோசித்தேன். வெள்ளிமலையில் இறங்கி நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவள், "வா வா, டீச்சரு மலைக்கே வந்துட்டா" என்று சிரித்தாள். உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். நான் சொன்னேன். சட்டம் பாஸ் ஆகிவிட்டது, நீ மூட்டையை இறக்கிய அன்றைக்கு முந்தின சாயங்காலமே பாஸ் ஆகிவிட்டது.

அவள் நம்பவில்லை.

"எப்படி பாஸ் ஆவும்? அவருதான் எழுந்து போயிட்டாரே?"

"போயிட்டாரு. அதனால இன்னா?"

"இன்னா பேசறே நீ? ஊரு கூட்டத்துல பேசிக்கினு இருக்கச்ச ஒருத்தன் எழுந்து போயிட்டான்னா பேச்சு அங்கியே நிக்கும். நாலு பேரு பின்னாடி போயி, இன்னாப்பா கோவம்னு கேட்டு, கையப் புடிச்சி இட்டாந்து உக்கார வெச்சிதான் மறுபடி பேசுவோம். அவன் இல்லாம முடிவு பண்ணா அது முடிவா? அவரு எழுந்து போயிட்டாருன்னு நீ சொன்ன. அப்ப இது இப்போதைக்கி ஆவற கதையில்ல, எப்ப இட்டாருவாங்களோன்னுதான் மூட்டைய வித்தேன். மழைக்கா பயந்தேன்? இந்த ஊரு பாக்காத மழையா?"

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"அவரு பின்னாடி ஒருத்தரும் போவலியா?" என்றாள்.

"அங்க அப்படி பழக்கமில்லக்கா. எழுந்து போனா அவங்களுக்கு சௌரியம்."

"த்தூ" என்றாள். யாரை என்று தெரியவில்லை.

இதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். சட்டம் நின்றுபோச்சு, அதனால்தான் மண்டியில் போட்டேன் என்று அவள் இவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இப்போது அது பொய்யாகிவிட்டது. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. நான் எழுந்து நின்று மீதியையும் சொன்னேன். ரேடியோவில் அன்றைக்கே சொன்னான், என் வீட்டுக்காரர் கேட்டார், கேட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார். இவள் மேல் தப்பில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன்.

ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். "இந்தம்மாவா தராசு புடிச்சிது?"

"இல்ல. அவங்க வூட்டுக்காரரு."

"அப்ப இந்தம்மா ஏன் கும்புடுது? அவரு எங்க?"

"கோச்சிக்கினு போயிட்டாரு" என்றேன்.

"போயி அவர இட்டா" என்றார் அவர். அவ்வளவுதான். அவர்கள் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அக்கா பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

நைனார்பாளையத்தில் நாத்தனார் வீட்டு வாசலில் அவர் கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வழியெல்லாம் பக்குவமாகப் பேசுவது என்று முடிவு செய்து வந்திருந்தேன். பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"மலையில உங்கள இட்டாரச் சொல்றாங்க. நீங்க வந்து உக்காராம பேச மாட்டாங்களாம். வருவீங்களா மாட்டீங்களா?"

"அங்க வந்து இன்னா சொல்லணும்?"

"நடந்தத."

"அது மண்டிக்குத் தெரியாம இருக்குமா?"

"இருக்காது."

நாத்தனார் உள்ளிருந்து, "ஏன்டா அங்கெல்லாம் போயி மாட்டிக்கறே, பேசாம இரு" என்று குரல் கொடுத்தார். அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டு, மீதிக் கயிற்றையும் கடைசி வரை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டார். நான் நின்றேன். கத்தவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் பேசாமல் நின்ற ஒரே நேரம் அது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"மலை பஸ்ஸு எத்தினி மணிக்கி?"

மலை பஸ் ஏறினோம். டிக்கெட்டை அவர் வாங்கினார். ஊர் நடுவில் பாறையைச் சுற்றி எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அவரும் தரையில் உட்கார்ந்தார். தினமும் நிமிர்ந்து நின்று மூட்டைகளை அதட்டுகிற மனிதர் அங்கே சின்னதாகத் தெரிந்தார். அக்கா எதிரே உட்கார்ந்தாள்.

"ரேடியோவுல கேட்டியா?"

"கேட்டேங்க."

"கேட்டுட்டுதான் எங்க மூட்டையத் தூக்கி தராசுல வெச்சியா?"

"ஆமாங்க."

"முள்ளு நின்னுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நிக்க வுடல" என்றார். "மூட்டைக்கி ரெண்டு மூணு கிலோ போயிருக்கும். ஒரு வருஷம் இல்ல, எல்லா வருஷமும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பெரியவர் கையைக் காட்டி அடக்கினார். நான் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டேன். இதை என்னிடம்கூட அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

"நீ இங்க வந்து சொன்னது உங்க மண்டியில தெரிஞ்சா?" என்றாள் அக்கா.

"வேல போயிடும்."

"தெரிஞ்சேதான் வந்தியா?"

அவர் தலையாட்டினார்.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். "சரி, இப்ப பேசலாம்" என்றாள்.